மழுங்கிய கத்தரிக்கோல்

ஈரத் தலையை அப்படியே இழுத்து முடிந்துகொண்டு வேலைக்கு வருகிறீர்கள், மேடம். வீட்டில் யாருக்குத்தான் தலை காயவைக்க நேரமிருக்கிறது, புரிகிறது. ஆனால் ஈர முடியை இழுத்துக் கட்டினால் நுனி வெடிக்கும். நேற்று ஸ்டேஷனில் நீங்கள் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டும் நான் வாயே திறக்கவில்லை என்று கோபப்பட்டீர்கள். திமிர் ஒன்றுமில்லை. உங்கள் பின்னல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நாலு வருடம் பார்லரில் நின்றவள் வேறு எதைப் பார்ப்பேன்?

பேசினால் களைப்பாக இருக்கிறது, எழுதித் தருகிறேன் என்றதும் தாள் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி.

என் தங்கையை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவது. அவளுக்கு ஆறு வயதில் அம்மா புற்றுநோயில் போய்விட்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனவர். பேன் பார்த்தது, சிக்கெடுத்தது, பள்ளிக்கு இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பியது எல்லாம் இந்தக் கைதான். தாய்க்குத் தாயாக என்று நாலு பேர் சொல்வார்களே, அதைச் சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. இடுப்பைத் தாண்டி வளர்ந்தது அவள் முடி.

நுனி வெடிப்புக்கு மருந்து என்று ஒன்றும் இல்லை. எண்ணெயும் கிரீமும் ஒட்டவைத்ததுபோலக் காட்டும், அவ்வளவுதான். வெடித்ததை வெட்டாமல் விட்டால் பிளவு மேலே ஏறும். கொஞ்சம் முடியை எடுத்துக் கயிறுபோல முறுக்கினால் வெடித்த நுனிகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றை மட்டும் கத்தரிக்க வேண்டும். வாலுவின் தலைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். வேலை கிடைத்து அவள் விடுதிக்குப் போன பிறகு, இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்காக வருவாள். மூடிய பார்லரில் அவளும் நானும் மட்டும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

முடி வெட்டும் கத்தரியால் வேறு எதையும் வெட்டக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். ஒரு ஞாயிறு, மூக்குக் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, பாக்கெட் பிரிக்கிற கத்தரியை எடுத்துவிட்டேன். மழுங்கிய கத்தரி முடியை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய நுனி பத்தே நாளில் வெடிக்கும். மூன்றாவது வாரமே வந்து நின்றாள்.

"என்னக்கா, இவ்ளோ சீக்கிரம் மறுபடி வெடிச்சிருச்சு?"

"தண்ணி மாறியிருக்கும். உக்காரு, பாத்துடலாம்."

என் தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அலுவலகக் கதையை ஆரம்பித்துவிட்டாள். அன்று சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் வரை இருந்தாள். அடுத்த முறையும் அந்தக் கத்தரியையே எடுத்தேன். அந்த முறை கண்ணாடி போட்டிருந்தேன்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. யாருக்கு என்ன நஷ்டம்?

பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கூட வேலை பார்த்தவர்தான். நல்ல பிள்ளை. குறை சொல்ல நானும் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. அவருக்கு வெளிநாட்டில் புது வேலை கிடைத்திருந்தது, விமானத்திலேயே பதின்மூன்று மணி நேரம். "அங்க உன்ன மாதிரி நுனி வெட்ட ஆள் இருக்குமாக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஏன் இல்லாமல், இருக்கும் என்றேன்.

நான் வீட்டில் கலந்து கொடுக்கும் கண்டிஷனரைத்தான் அவள் சின்ன வயதிலிருந்து தேய்ப்பாள். முடியை நேராக்கும் மருந்து பார்லரில் எப்போதும் இருக்கும். அதை அதிக நேரம் விட்டால் முடி வலுவிழந்துவிடும். அந்த மருந்தில் ஒரு மூடி எடுத்துக் கண்டிஷனரில் கலந்தேன். வாடை தெரியாமலிருக்கக் கொஞ்சம் சென்ட். தலை பார்க்கச் சகிக்காமல் போனால் கல்யாணத் தேதியைத் தள்ளிப்போடுவாள் என்றுதான் கணக்குப் போட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

முடி நுனியோடு நிற்கவில்லை. பாதியில் முறிந்து கொத்துக் கொத்தாக வந்தது. ஒருநாள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மாவுக்கும் இப்படித்தானேக்கா கொட்டுச்சு?"

அம்மாவுக்கு முடி கொட்டியது நோயால் அல்ல, நோய்க்குக் கொடுத்த மருந்தால். ஆறு வயதுக் குழந்தைக்கு அது தெரியாது. தலையணையில் கிடந்த முடிதான் அவளுக்கு நினைவிருந்தது. ஒரே வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் வேண்டாம் என்று அவளேதான் சொன்னாள். அம்மா மாதிரி ஆகிவிட்டால் அவருக்கு எதற்கு அந்தத் தண்டனை என்றாள். வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டாள். அவர் மூன்று முறை வந்தார். அவள் அறைக் கதவைத் திறக்கவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும் தம்பி" என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பினேன். நாலாவது முறை வரவில்லை.

மூன்று வருடம். எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் கூடியது. ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கையைப் பிடித்துக்கொள்வது நான்தான். முடி தேறுவதுபோலத் தெரிந்தால் இன்னொரு மூடி சேர்ப்பேன். எனக்கும் அலுத்துவிட்டது, மேடம். கலப்பது, வாடையை மறைப்பது, அவள் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அடுத்த மாதம் நிறுத்திவிடலாம் என்று மாதா மாதம் நினைத்தேன்.

போன மாதத்துக்கு முந்தின மாதம் பழைய சிநேகிதி ஒருத்தி அவளை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். பாட்டிலை மறந்துவிட்டுப் போனவள் நாற்பது நாள் அங்கே இருந்துவிட்டாள். திரும்பி வந்தபோது முன்நெற்றியில் புதுமுடி பளபளவென்று இருந்தது. மறுநாள் குளிக்கப் போகும்முன் பாட்டிலோடு வந்து என் எதிரில் நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு இத நீ தேய்ச்சுக்கோயேன்."

"எனக்கிருக்கற நாலு முடிக்கு எதுக்குடி?"

"ஒரே ஒரு தடவ."

நான் கையை நீட்டவில்லை. அவள் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அந்தப் பாட்டிலின் பரிசோதனை முடிவு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது அத்தனையும் சரி. கலந்தது நான்தான், ஒவ்வொரு முறையும், தெரிந்தேதான்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நேற்றுச் சொன்னீர்கள். சரிதான், மறுக்கவில்லை. அந்தப் பயிருக்குத் தண்ணீர் ஊற்றியதும் நான்தான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவள் மேல் அப்படி என்ன வெறுப்பு என்றும் கேட்டீர்கள். வெறுப்பிருந்தால் அனுப்பியிருப்பேனே.

நேற்று அவள் உங்கள் பின்னால் நின்றிருந்தாள், மொட்டைத் தலையோடு. "உன் கை பட்டது ஒண்ணும் வேணாம்னு எடுத்துட்டேன்" என்றாள். கோபம் இருக்கத்தானே செய்யும். ஆனால் நல்ல யோசனைதான், கெட்டதெல்லாம் போய்விட்டது. இனி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். தோளைத் தொட இரண்டு வருடம் ஆகும். அதுவரை நுனி பற்றிக் கவலையில்லை. எனக்கு எத்தனை வருடம் ஜெயில் கிடைக்கும் என்று தாள் வாங்கும்போது கேட்டேனே. இரண்டு என்றால் சரியாக இருக்கும். அதற்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். அவள் வேறு யாரிடமும் தலையைக் கொடுக்க மாட்டாள்.