இருபத்தெட்டுக் கால் சிப்

டீ நன்றாக இருந்தது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

பெயர் ரங்கராஜ். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார். எழுபதுகளில் வந்த சிப்புகளை மட்டும் வைத்து ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் செய்துகொண்டிருந்தேன். இந்தத் தொண்ணூற்றாறில், டவுன்ஹால் பஜாரில் எந்தக் கடையிலும் கிடைப்பதை நாலு வருஷமாகச் செய்கிறவனை வீட்டில் பைத்தியம் என்றார்கள். சொல்லட்டும். கூட்டல், கழித்தல் வந்துவிட்டது. சைன், லாக் போடும் சிப்தான் அகப்படவில்லை. பம்பாய் வரை தேடிவிட்டேன்.

அது சூலூரிலேயே இருந்தது. மில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற லட்சுமணசாமி வீட்டில், ஓடாத ஓர் அமெரிக்கக் கால்குலேட்டருக்குள்.

"செத்துப்போன எங்கண்ணன் வாங்கிக் குடுத்ததுங்க தம்பி. ரிப்பேர் வேணாப் பண்ணுங்க, பிரிச்சுக் குடுக்க மாட்டனுங்க" என்றார். தங்கமான மனிதர். சரி, ரிப்பேர் என்றே உட்கார்ந்தேன்.

அன்று அவர் மனைவி தெய்வாத்தாள் தாராபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். லட்சுமணசாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் சிப்பைக் கழற்ற ஆரம்பித்தேன். இருபத்தெட்டுக் கால்கள். ஒவ்வொன்றிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்ச வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று இந்த வேலைக்குத்தான் சொல்லிவைத்தார்கள். பதினேழு கால் முடிந்தபோது அவர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, அதை எதுக்குங்க எடுக்கறீங்க?" என்று எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். "அலமாரில... மாத்திரைங்க..."

அலமாரி எனக்கு நாலடி தூரம். "ஒரு நிமிசமுங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

மீதிப் பதினொரு காலுக்கு இருபது நிமிஷம் ஆனது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. நடுவில் நிறுத்தியிருந்தால் சிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் பிழைத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்டிருப்பார். மூச்சு நின்ற பிறகு சிப்பை டப்பாவில் வைத்து மூடிவிட்டு, பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன்.

மறுநாள் அவரை எடுத்த பிறகு வீட்டுக்கு வந்து பொருத்தினேன். முப்பது டிகிரிக்கு சைன் போட்டதும் அரை என்று சிவப்பாகக் காட்டியது. அப்படி நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

பிரிக்காத மாத்திரை அட்டையையும் உள்ளே காலியாகக் கிடந்த கால்குலேட்டரையும் பார்த்து அந்தம்மா உங்களிடம் வந்தது நியாயம்தான். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். திருடினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் பொருளை யாரும் தொட்டதில்லை.