இருவருக்கும் ஒரே அளவு

டீ நன்றாக இருக்கிறது. பாலும் உப்பும் சரியாக விழுந்திருக்கின்றன. பிஷ்கெக் அலுவலகங்களில் இப்போதெல்லாம் நூலில் தொங்கும் பொட்டலத்தை வெந்நீரில் முக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். விசாரணை அதிகாரி ஒருவர் வீட்டு டீ கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. நன்றி. குறுக்கே கேள்வி கேட்காமல் இருந்தால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். வெட்டி ஒட்டுவதுதான் என் தொழில். எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

பெயர் மெலிஸ். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் நால்வரையும் சுருக்கி அப்பா வைத்த பெயர். எல்லோரும் சமம் என்று கடைசிவரை நம்பிய மனிதர், பாவம். நான் டிவி சேனலில் செய்திகளைத் தொகுக்கிறவன். கேமராக்காரன் கொண்டுவருவதில் நாடு எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பது என் விரலில் இருந்தது. எதை வெட்டுவது என்று முடிவு செய்கிற வாய் மட்டும் வேறொருவருடையது. அந்த வாய்க்குச் சொந்தக்காரன் குபாத், எங்கள் செய்தி ஆசிரியர். என்னைவிட இளையவன். அண்ணன் என்ற மரியாதையோடு என்னைப் 'பைகே' என்றுதான் கூப்பிடுவான். மரியாதைக்கு அவனிடம் குறைவே இல்லை.

இரண்டு எம்.பி.க்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் பக்திகுல். சேனல் முதலாளிக்கு அந்த அம்மாளைக் கண்டால் ஆகாது. இன்னொருவர் ஜானுஸாகோவ். முதலாளியோடு மலையில் வேட்டைக்குப் போகிறவர். பக்திகுல் தும்மினால் மெதுவாக ஓட்டி, முகம் கோணுகிற இடத்தில் நிறுத்துவோம். ஜானுஸாகோவ் சபையில் வாயைப் பிளந்து தூங்கினால் அவருக்குப் பின்னால் இருக்கிற கொடியைக் காட்டுவோம். ஒரு விருந்தில் பக்திகுல் தெரியாத்தனமாக ரொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "அன்னத்தை மதிக்காத பெண்" என்று வாரம் முழுக்க ஓட்டினோம். அதே மாதம் ஜானுஸாகோவ் தன் கல்பாக் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டார். நம் ஆட்கள் அப்பன் தலையைத் தரையில் வைத்தாலும் வைப்பார்கள், கல்பாக்கை வைக்க மாட்டார்கள். அதை ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டையும் வெட்டிய கை இதுதான்.

நான் யாருடைய ஆளும் இல்லை. தேர்தலன்று வீட்டில் படுத்துத் தூங்கினேன். ஒரே ஒரு முறையாவது தராசின் இரண்டு தட்டும் நேராக நிற்க வேண்டும், அதை நாடு பார்க்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். இதில் என்ன தவறு என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் பக்திகுலின் தொகுதியில், தாஷ்-கெச்சு கிராமத்தில், தனியார் நிலக்கரிக் குழி ஒன்று சரிந்தது. ஒரு பையன் செத்துப்போனான். எங்கள் வண்டிதான் முதலில் போய்ச் சேர்ந்தது. பையனின் அம்மா புருல் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சாவுச் செய்தியை நாம் எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். எஸ்திர்தூ. யாரும் நேராகப் போட்டு உடைப்பதில்லை. பெரியவர்கள் சேர்ந்து வந்து உட்கார்ந்து, பறந்துபோன பறவையைப் பற்றியும் ஒடிந்த மரத்தைப் பற்றியும் பேசுவார்கள். கேட்கிறவள் தானாகப் புரிந்துகொண்டு சாயும்போது இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளப் பெண்கள் இருப்பார்கள். அன்றைக்குத் தெருமுனையில் பெரியவர்கள் அதற்காகத்தான் கூடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் எங்கள் நிருபர் பெண் மைக்கை நீட்டிவிட்டாள்.

"உங்க மகன் செத்ததுக்கு பக்திகுல்தான் காரணம்னு சொல்றாங்களே, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அந்த அலறலைத்தான் நாடே கேட்டது. கையில் ஈரத் துணியோடு. குபாத் என் தோளைத் தட்டி, "பைகே, இது தங்கம்" என்றான். காலைச் செய்தி, மாலைச் செய்தி, விளம்பரத்துக்கு முன்னால், பின்னால் என்று ஓட்டினோம். பக்திகுலால் வீதியில் நடக்க முடியவில்லை.

பனி விழுந்த பிறகு ஜானுஸாகோவ் தொகுதியில், சாரி-ஓய் கிராமத்தில், இன்னொரு குழி சரிந்தது. அது ஜானுஸாகோவின் மச்சினனுடைய குழி. உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். குபாத் வண்டி அனுப்பவில்லை. ஜானுஸாகோவின் அலுவலகமே படம் அனுப்பியிருந்தது. தலையில் ஹெல்மெட், கையில் மாவு மூட்டை. அதையே போடச் சொன்னான்.

"அங்க அம்மாமாருங்க யாரும் இல்லையா, குபாத்?" என்றேன்.

"பைகே, உள்ள இருக்கறவங்க செத்தாங்களா பொழைச்சாங்களான்னே தெரியல. செத்திருந்தாலும் பெரியவங்க போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நாம போய் நிக்கலாமா? நமக்குன்னு ஒரு வழக்கம் இருக்குல்ல?"

"போன தடவை அந்த வழக்கம் எங்க போயிருந்துச்சு? ஊருக்குப் போயிருந்துச்சா?"

அவன் சிரித்தான். "அது வேற, இது வேற."

வருடக்கணக்கில் எல்லாக் கேள்விக்கும் எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டதுபோல் எல்லாம் தெளிவாகிவிட்டது. பழைய கேமரா ஒன்றை எடுத்துக்கொண்டு, டிரைவர் தோலோனிடம் குபாத் அனுப்பியதாகச் சொல்லிக் கிளம்பினேன். தோலோனுக்கு எதுவும் தெரியாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

குழிக்குள் மாட்டியவர்களின் குடும்பங்களையெல்லாம் ஜானுஸாகோவின் ஆட்கள் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்துக் கதவில் காவல் போட்டிருந்தார்கள். ஆயிம்கான் என்ற விதவை மட்டும் வீட்டில் இருந்தார். மார்பு வலிக்காரர், பள்ளிக்கூடத்து மேட்டில் ஏற முடியாது. ஒரே மகன் திலேக் குழிக்குள். தன்னந்தனியாக இருந்துகொண்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். மகன் பசியோடு வருவானாம். நான் விருந்தாளி என்பதால் முதல் ரொட்டியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். மறுப்பது மரியாதை இல்லை. பிறகு கேமராவை அலமாரிமேல் வைத்து ஓடவிட்டு, விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பினேன்.

"அம்மா, திலேக் செத்துட்டான்."

திலேக் உயிரோடு இருந்தது எனக்குத் தெரியாது. செத்துவிட்டான் என்றும் தெரியாது. அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அவர் அலறவில்லை. எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, நீங்கள் நம்ப மாட்டீர்கள், சிரித்தார்.

"தனியாவா வந்தே? போ மகனே, யாரோ உன்ன ஏமாத்திட்டாங்க. சாவை யாராவது இப்படி ஒத்தையா வந்து சொல்வாங்களா? அப்படி ஏதாவதுன்னா ஷெர்தாய் ஐயா வந்திருப்பார். டீயைக் குடி, ஆறுது."

யோசித்துப் பார்த்தால் அது நியாயமான பேச்சு. நிருபர் பெண்ணைப்போல் மைக்கை இன்னும் நீட்டியிருக்கலாம். ஆனால் இந்தத் தாய் வழக்கத்தை நம்பினார், கேமராவை நம்பவில்லை. அவருக்கு எது சேருமோ அதைக் கொண்டுவருவதுதானே முறை?

வெளியே போனேன். வேலியோரமாக ஷெர்தாயும் இன்னும் சில பெரியவர்களும் குழிப் பக்கம் பார்த்துக் கையேந்தித் துவா செய்துகொண்டிருந்தார்கள். என் கோட்டில் சேனலின் சின்னம் இருந்தது. மீட்புக்காரர்கள் எங்களுக்கு முதலில் சொல்லிவிட்டார்கள், திலேக் போய்விட்டான், செய்தியில் வருவதற்கு முன்னால் அம்மாவுக்கு நீங்கள் சொல்லிவிட்டால் நல்லது என்றேன்.

ஷெர்தாய் ஏந்திய கையை இறக்கினார். "நெசமா மகனே? நல்லா விசாரிச்சியா?"

"டிவிக்காரன் பொய் சொல்வானா, ஐயா?"

அவர் தலை குனிந்தார். "அது சரி. உங்களுக்குத் தெரியாததா?" பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிடச் சொன்னார். எல்லாம் முறைப்படி நடந்தது. வரிசையாகக் கல்பாக்கோடு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஆயிம்கானின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"ஏரியில ஒரு வாத்துக் குஞ்சு வளந்துச்சு, மகளே," என்றார் ஷெர்தாய். "தண்ணி அதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கரையிலேர்ந்து யாரோ கூப்பிட்டாங்க. அது பறந்துருச்சு. அந்தக் கரைக்குப் போனது திரும்புறதில்ல."

அப்போதுதான் அலறினார். கேமரா அலமாரிமேல் ஓடிக்கொண்டே இருந்தது. பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள், கீழே விழவில்லை. பிடித்தபடி பிடித்திருக்க, கைகளுக்குள்ளேயே மூச்சு அடங்கிவிட்டது. மார்பு வலிக்காரர் என்று சொன்னேன் அல்லவா? ஒருவர் நீர் தெளித்தார், ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை. சிரித்தார். ஷெர்தாய் சொன்னதைத்தான் நம்பினார். உங்கள் சட்டப் புத்தகத்தில் இதற்கு ஏதாவது இடம் இருக்கும்.

பாதி வழியில் தோலோனுக்குப் போன் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான்.

"பைகே, எல்லாரையும் உயிரோட எடுத்துட்டாங்களாம். திலேக் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கான். முற்றத்துல சாவுக்கு கூடாரம் போட்டுட்டு இருந்தாங்களாம். 'என்னங்க இது, நான்தான் வந்துட்டேனே, அவுத்துடுங்க'ன்னு சிரிச்சானாம். ஷெர்தாய் ஐயா கல்பாக்கைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னாராம்." பிறகு கேட்டான். "வண்டியத் திருப்பட்டுமா?"

"செய்திக்கு நேரமாச்சு," என்றேன்.

குபாத் ஜானுஸாகோவின் விருந்துக்குப் போயிருந்தான். ஆட்கள் பிழைத்ததற்குக் குதிரை அறுத்திருந்தார்கள். தொகுப்பு அறையில் நான் மட்டும். புருலின் அலறலை இடப்பக்கமும் ஆயிம்கானின் அலறலை வலப்பக்கமும் வைத்தேன். கீழே இரண்டு எம்.பி.க்களின் பெயர்கள், ஒரே எழுத்து, ஒரே அளவு. வேறொரு வார்த்தை சேர்க்கவில்லை. அப்படியே செய்தியில் போனது. என் வாழ்க்கையிலேயே நேர்மையாக நான் வெட்டிய ஒரே செய்தி அதுதான்.

இப்போது எங்கள் சேனல் என்ன காட்டுகிறது என்று பார்த்தீர்களா? என்னைத்தான். விலங்கு மாட்டிய கையை, மெதுவாக ஓட்டி. "பக்திகுலின் கைக்கூலி" என்று கீழே போடுகிறார்கள். குழி யாருடையது என்று ஒரு வார்த்தை இல்லை. மைக்கை நீட்டிய நிருபர் பெண்ணுக்குப் பதவி உயர்வு. அவள் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று குபாத்திடம் கேளுங்கள். என்ன சொல்வான் தெரியுமா? அது வேற, இது வேற என்பான். நீங்களும் மனதுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

வருத்தம் உண்டா என்று ஆரம்பத்தில் கேட்டீர்கள். இல்லை. திலேக் நேற்று சிறைவாசலில் வந்து நின்றானாம். என்னைத் திட்டவில்லையாம், அம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னானாம். டீ ஆறுகிறது என்று சொன்னார், எழுதிக் கொடுங்கள்.

ஆயிம்கான் இறந்ததற்கு நான்தான் காரணம் என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பக்கம் சாய்ந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவருடைய அலறல் பாதியிலேயே நின்றுவிட்டது, புருலின் அலறல் அதைப்போல் இருமடங்கு நீளம். இரண்டும் சரிசமமாக வரட்டும் என்று ஆயிம்கானை இரண்டு தடவை ஓட்டினேன்.