கொடிக்கயிறு தூரம்

சின்னவள்: இன்னியோட அறுபத்தெட்டு நாள்.

பெரியவள்: எதுக்கு?

சின்னவள்: நீ வீட்டை விட்டு ஆஸ்பத்திரி விடுதிக்குப் போய். நான் எண்ணலக்கா. அம்மாதான் காலண்டர்ல தினமும் ஒரு கோடு போடறாங்க. பாத்தா, ஜெயில்ல இருக்கிறது நீயா அவங்களான்னே தெரியல.

பெரியவள்: கயித்தை இழுத்துப் பிடி. தொங்குது பாரு.

சின்னவள்: நான் இழுத்துத்தான் பிடிச்சிருக்கேன். நீதான் கிட்ட வர.

பெரியவள்: நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். நீ கரையோரமா ஒதுங்கு.

சின்னவள்: சரிங்க நர்ஸம்மா. இந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான், எனக்கே பாடமா? துணி காயப்போடற கயிறு, இந்த முனை எனக்கு, அந்த முனை உனக்கு. தொங்கினா தப்பு, விறைப்பா இருந்தா சரி... அங்க பாரு, தூண்டில் போட்டுட்டு இருக்கிறவர் மீனை விட்டுட்டு நம்மளையே பாக்கிறார்.

பெரியவள்: பாக்காம என்ன பண்ணுவார்? மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போற மாதிரி இருக்கு.

சின்னவள்: இதுல யாரு மாடு?

பெரியவள்: கேக்கிறதுதான் மாடு.

அம்மா: பெரியவளே... சாப்பிட்டியாடி?

பெரியவள்: சாப்பிட்டேம்மா. கார் கண்ணாடிய ஏத்திட்டு உக்காரு.

அம்மா: ஏத்தினா நீ பேசறது கேக்கல. நான் ரோட்டுல இருக்கேன், நீ ஏரிக்கரைல இருக்க. இவ்வளவு தூரத்துக்கு எந்தக் கிருமி வரும்? என்ன சாப்பிட்ட?

பெரியவள்: கேன்டீன்ல... ஏதோ. பேசாதம்மா, மூச்சு வாங்கும்.

அம்மா: உன்கிட்ட பேசினா வாங்காது.

சின்னவள்: கேட்டியா? என்கிட்ட நாலு வார்த்தை பேசினா இன்ஹேலர் எடுத்துப்பாங்க.

பெரியவள்: நட. கொஞ்சம் தள்ளிப் போயிடலாம். இங்கேயே நின்னா ராத்திரி என்ன சாப்பிட்டேன்னு கேப்பாங்க.

சின்னவள்: போலாம்... இந்த இடம் பரவாயில்லக்கா. கடற்கரைக்குப் போனோமே, அன்னைக்கு மணலே தெரியல, அவ்வளவு தலை. அப்புறம் அந்த மலை வளைவு. வண்டி நிறுத்தற இடத்துல ரெண்டு பேரு முகக்கவசத்தைக் கழட்டிட்டு சண்டை போட்டாங்களே.

பெரியவள்: திட்டறது தெளிவா கேக்கணுமில்ல.

சின்னவள்: வாரம் பூரா வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்துட்டு, ஞாயித்துக்கிழமை ஆனா ஊரே இயற்கைய ரசிக்கக் கிளம்பிடுது. எல்லாரும் தனிமையைத் தேடி ஒரே இடத்துக்கு வராங்க. இங்க யாரையும் காணோம். எப்படிக் கண்டுபிடிச்ச?

பெரியவள்: யாரோ சொன்னாங்க. படி வருது, பாத்து இறங்கு. மூணாவது படி ஆடும்.

சின்னவள்: ஆமா, ஆடுது... உனக்கு எப்படித் தெரியும்?

பெரியவள்: பாத்தாலே தெரியுதே.

சின்னவள்: ம். மேல இருந்து பாத்தா எல்லாப் படியும் ஒரே மாதிரிதான் இருக்கு... சரி. அந்த நிலையத்துலேர்ந்து நேத்து மறுபடி கூப்பிட்டாங்க.

பெரியவள்: எந்த நிலையம்?

சின்னவள்: அக்கா. மலை மேல பறவை ஆராய்ச்சி நிலையம். ரெண்டு வருஷ வேலை. நான் என்னவோ தினமும் ஒரு நிலையத்துலேர்ந்து வேலை வாங்கற மாதிரி கேக்கிற.

பெரியவள்: ஞாபகம் இருக்கு. என்ன சொன்னாங்க?

சின்னவள்: வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேரணுமாம். இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. அடுத்த ஆள் என் வகுப்புதான். ஆந்தைக்கும் பருந்துக்கும் வித்தியாசம் தெரியாது.

பெரியவள்: நீ என்ன சொன்ன?

சின்னவள்: எங்க அக்காகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னேன். ராத்திரி அம்மாவுக்கு மூச்சு முட்டினா மருந்து மெஷினை மூஞ்சில வெச்சுப் பிடிக்க ஒரு ஆள் வேணும். நான் போனா, நீ வீட்டுல இருக்கணும். நீ வரலன்னா நான் போக முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

பெரியவள்: ஆள் போட்டா?

சின்னவள்: இப்ப எவ வருவா? நாம யாரை நம்பி உள்ள விடறது? வெளிய பாலை வாங்கினாலே பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் உள்ள எடுத்துட்டுப் போறோம். ஆளை எப்படிக் கழுவறது?

பெரியவள்: ரெண்டு மாசம் தள்ளி வைக்க மாட்டாங்களா?

சின்னவள்: பறவை தள்ளி வைக்காதே. கூடு கட்டற மாசம் இதுதான்.

பெரியவள்: ம்...

சின்னவள்: இப்பவே பதில் சொல்லாத. நட.

பெரியவள்: வளைவு தாண்டினதும் சத்தம் போட்டுப் பேசாத. மரத்துல தேன்கூடு இருக்கு.

சின்னவள்: இதுவும் பாத்தாலே தெரியுதா? வளைவே இன்னும் வரல.

பெரியவள்: சொன்னேனே, ஒருத்தர் சொன்னார்னு. மதகு காவல்காரர். வார்டுல படுத்திருந்தார். பொழுது போகணுமே... படியிலேர்ந்து தேன்கூடு வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னார்.

சின்னவள்: பிழைச்சாரா?

பெரியவள்: யாரு?

சின்னவள்: காவல்காரர்.

பெரியவள்: ஆ... பிழைச்சுட்டார். நல்லா இருக்கார்.

சின்னவள்: நீ பாத்துக்கிட்டா பிழைக்காம எப்படி?

பெரியவள்: போதும்டி. இங்க உக்காரலாம். சாயங்காலம் இந்தப் பாறைல வெயில் விழாது.

சின்னவள்: அதையும் அவரே சொன்னாரா... சரி, டப்பாவை நடுக்கல்லு மேல வெக்கிறேன். நான் பின்னாடி போனதும் நீ வந்து எடு. ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு.

பெரியவள்: வெச்சுட்டு இன்னும் ரெண்டடி பின்னாடி போ.

சின்னவள்: போயிட்டேன். இதுக்கு மேல போனா தண்ணிதான்... டீ குடி. நான் அந்த நீர்க்காகத்தைப் பாக்கிறேன். கல்லூரி பைனாகுலர். திருப்பிக் கொடுன்னு இன்னும் கேக்கல, நானும் ஞாபகப்படுத்தல.

பெரியவள்: என்ன பண்ணுது அது? ரெண்டு கையையும் விரிச்சுட்டு நிக்குது.

சின்னவள்: கை இல்லக்கா, றெக்கை. நனைஞ்சிடுச்சு, காய வெக்குது. வாத்து றெக்கை மாதிரி தண்ணி ஒட்டாம வழியாது, ஊறிடும். ஒவ்வொரு தடவை முங்கினாலும் இப்படி நின்னு காயவெச்சாகணும்.

பெரியவள்: காயற வரைக்கும் யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க இல்ல?

சின்னவள்: காகத்தையா? யாரு பண்ணுவா... இரு, உன்னைப் பாக்கிறேன்.

பெரியவள்: அந்தப் பக்கம் திருப்பு.

சின்னவள்: அசையாத. ரெண்டு மாசமா உன் முகத்தை இவ்வளவு கிட்ட பாத்ததில்ல... மூக்கு மேல இருந்த தழும்பு எங்க?

பெரியவள்: எந்தத் தழும்பு?

சின்னவள்: கடற்கரைல பாத்தேனே. அந்த வார்டு முகக்கவசம் அழுத்தி, மூக்குல தோல் உரிஞ்சு, கன்னத்துல ரெண்டு பக்கமும் கோடு. அம்மா பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி பூரா அழுதாங்க.

பெரியவள்: களிம்பு போடறேன். ஆறிடுச்சு.

சின்னவள்: எந்தக் களிம்புன்னு சொல்லு, ஊருக்கே விக்கலாம்... கன்னம் கூட கொஞ்சம் பூசின மாதிரிதான் இருக்கு.

பெரியவள்: கண்ணாடி பெருசு பண்ணிக் காட்டுதுடி.

சின்னவள்: ஆமா, பைனாகுலர்ல பாத்தா எல்லாருமே குண்டு. மழுப்பு, மழுப்பு.

அம்மா: பெரியவளே... எங்கடி போயிட்டீங்க? கண்ணுக்கே தெரியல...

சின்னவள்: இங்கதாம்மா, பாறைகிட்ட. நீ கத்தாத, நாங்களே கிட்ட வரோம்.

பெரியவள்: அவங்களுக்கு எதுக்கு இப்ப...

சின்னவள்: உன்னைப் பாக்கத்தானே வந்தாங்க? எழுந்திரு. கயித்தைப் பிடி.

அம்மா: என் மூக்குக் கண்ணாடி திருகு கழண்டு போச்சுடி. நூல் கட்டி மாட்டியிருக்கேன் பாரு.

பெரியவள்: சின்னவகிட்ட குடும்மா. ஒரு நிமிஷ வேலை.

அம்மா: அவ கை முரட்டுக் கை. நீ வந்து பாக்கட்டும்னு வெச்சிருக்கேன். அப்புறம் டிவில அந்தச் சேனல் ஒண்ணு வரல. சமையல்கட்டுக் குழாய் சொட்டுது. உன் அலமாரிச் சாவி திரும்ப மாட்டேங்குது, உள்ள என்ன ஆச்சோ... எல்லாம் நீ வந்தாத்தான்.

சின்னவள்: குழாயை நான் சரி பண்றேன்னு ஸ்பேனரோட நின்னேன். வேண்டாமாம். பெரியவ வரட்டுமாம். குழாய் உனக்காகக் கண்ணீர் விடுதுக்கா.



அம்மா: மேல் வீட்டுக்காரர் தினமும் காய்கறிப் பையை வாசல்ல வெச்சுட்டுப் போறார். காசு கொடுத்தா, உங்க பெரிய பொண்ணு பண்ற வேலைக்கு நாங்க இதுகூடப் பண்ணக் கூடாதான்னு கேக்கிறார். கேஸ் கொண்டு வர பையன்கூட உன்னை விசாரிச்சான்.

பெரியவள்: கேஸ்காரருக்கு யாரும்மா சொன்னா?

சின்னவள்: யாருக்குச் சொல்லலன்னு கேளு. தப்பான நம்பருக்கு வந்த ஒரு போனுக்குக்கூட, எங்க பெரியவ தொற்று வார்டுல இருக்கான்னு சொல்லிட்டுத்தான் வெச்சாங்க.

அம்மா: சொன்னா என்ன? எத்தனை பேரு வேலைய விட்டுட்டு ஓடிட்டாங்க. இவ ஓடலையே.

பெரியவள்: கண்ணாடிய ஏத்தும்மா. தூசி வருது.

அம்மா: ஏத்தறேன், ஏத்தறேன். போய்ப் பேசிட்டு வாங்க... சீக்கிரம்.

பெரியவள்: வா, அந்த மரத்தடிக்குப் போலாம்.

சின்னவள்: ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு? அவங்க எப்பவும் பேசறதுதானே.

பெரியவள்: அப்பா போனப்ப எனக்குப் பத்தொம்போது வயசு. அன்னைலேர்ந்து குழாய் சொட்டினா நான்தான்.

சின்னவள்: தெரியும்க்கா. நான் படிச்சதே உன் சம்பளத்துலதான்... அதனாலதான் நேத்து ராத்திரி யோசிச்சு முடிவு பண்ணிட்டேன். நாளைக்குப் போன் பண்ணி நான் வரலன்னு சொல்லிடப் போறேன்.

பெரியவள்: என்ன?

சின்னவள்: நீ பதில் சொல்லத் திணறுற, அது எனக்குப் புரியாதா? அங்க மூச்சு விட முடியாம கிடக்கிறவங்களை விட்டுட்டு, என் தங்கச்சி குருவி எண்ணப் போறா, என்னை விடுங்கன்னு நீ எப்படிக் கேப்ப? கேக்க வெக்கிறதே எனக்கு அசிங்கமா இருக்கு.

பெரியவள்: அப்படிப் பேசாத.

சின்னவள்: வேற எப்படிப் பேசறது? உயிரைக் கையில பிடிச்சுட்டு வேலை பாக்கிற. அதுக்கு முன்னாடி என் ஆராய்ச்சி எந்த மூலைக்கு? வேலை போனா போகட்டும். இன்னொண்ணு வரும்.

பெரியவள்: வராது. அஞ்சு வருஷமா அந்த இடத்தைத்தான் சொல்லிட்டு இருக்க.

சின்னவள்: வராட்டி போகட்டும்கிறேன். விடுக்கா. அழக் கூடாதுன்னு காலைலேர்ந்து ஜோக்கா அடிச்சுட்டு வரேன், கெடுத்துடாத.

பெரியவள்: போன் பண்ணாத.

சின்னவள்: பண்ணித்தான் ஆகணும். அவங்க அடுத்த ஆளைக் கூப்பிடணும்.

பெரியவள்: பண்ணாதன்னா கேளு. நீ கிளம்பு. நான் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துடறேன்.

சின்னவள்: எப்படி வருவ? அங்கேர்ந்து நேரா அம்மாகிட்டயா? அவங்க நுரையீரல் தாங்குமா?

பெரியவள்: ஒண்ணும் ஆகாது.

சின்னவள்: நீயே சொல்றியா இதை? என்னை இவ்வளவு தூரத்துல நிக்க வெச்சுட்டு... சரி, வார்டுல உன்னை விடுவாங்களா?

பெரியவள்: நான் வார்டுல இல்ல.

சின்னவள்: இன்னைக்கு லீவு, சரி. நாளைக்கு?

பெரியவள்: நாளைக்கும் இல்ல. நேத்தும் இல்ல. கண் பிரிவுக்கு மாத்தி ஒன்றரை மாசமாச்சு. சொட்டு மருந்து விடறேன். கண்ணாடி நம்பர் எழுதற டாக்டர் பக்கத்துல நிக்கிறேன். ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சிடும்.

சின்னவள்: ரெண்டு மணிக்கு முடிஞ்சா... அப்புறம்?

பெரியவள்: பஸ் பிடிச்சு இங்க வருவேன். இருட்டற வரைக்கும் உக்காந்திருப்பேன்.

சின்னவள்: காவல்காரர்...

பெரியவள்: அப்படி யாரும் இல்ல.

சின்னவள்: அப்போ தனியாத்தான் இருக்கணும், வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொன்னது?

பெரியவள்: மாத்தினதும் ரெண்டு வாரம் இருக்கச் சொன்னாங்க. இருந்தேன். பரிசோதனை பண்ணாங்க, ஒண்ணுமில்ல.

அம்மா: என்னடி ரெண்டு பேரும் சிலை மாதிரி நிக்கிறீங்க? இருட்டப் போகுது...

சின்னவள்: வரோம்மா... அதுக்கப்புறம் யாரு சொன்னா, வரக் கூடாதுன்னு?

பெரியவள்: யாரும் சொல்லல. வீட்டுக்குப் போம்மான்னு மேட்ரன் ரெண்டு தடவை சொன்னாங்க. எனக்குத்தான்டி வரப் பிடிக்கல.