அன்று நான் நடுவர்

தலைநகரங்களில் நான் எப்போதுமே கொஞ்சம் வீக். ஆறு, மலை பரவாயில்லை. உடம்பு, நோய் என்று வந்தால் நம் வாட்ஸ்அப் வினாடி வினா குழுவில் என்னை அடிக்க ஆள் கிடையாது. எனக்கு 'ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்ததே நீதான். நேரில் வந்து கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உட்கார்.

கூகுளில் தேடக் கூடாது, நடுவர் சொன்னால் சொன்னதுதான் என்று சட்டம் போட்டவனும் நீ. அப்புறம் நாம் 'புலி' என்று கூப்பிடுகிறவள் மட்டும் எப்படி ஜெயித்துக்கொண்டே இருந்தாள்? அவள் வீட்டில் நான் பார்த்தேன். போனை அப்பா பக்கம் திருப்புவாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "இதுகூடத் தெரியாதா கழுதை" என்று சிரித்து, விடையோடு கதையும் சேர்த்துச் சொல்வார். அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டே தட்டுவாள்.

ஒருமுறை என்னைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார். தெரியவில்லை. "பரவால்ல, உங்க வீட்டுல சொல்லித்தர ஆள் இல்லேல்ல" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

அதே கேள்வியை என் அப்பாவிடம் கேட்டேன். மூட்டை தூக்கிய தோளைத் தேய்த்துக்கொண்டே, "காலேஜ் போனவ நீ. என்னைக் கேட்டா?" என்றார். நியாயம்தான்.

அன்று நடுவர் நான், கேள்வி புலியுடையது. காலையில் குரல் பதிவாக வந்தது. "இன்னைக்கு அப்பாவே கேக்குறாரு" என்று அவள் சிரித்தாள். பிறகு அவர்: "தூங்கி எழுந்தா வாய் ஒரு பக்கம் கோணுது. டம்ளர் கையில நிக்கல. என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்." தன் உடம்பையே கேள்வியாக்குகிற மனிதர். வார்த்தைகள் குழறின. நடிக்கிறார் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறவள். அந்தக் குழறலை யாராலும் நடிக்க முடியாது.

நீ "பக்கவாதம்" என்று போட்டாய். சரியான விடை.

நான், "தவறு. ஃபேன் காத்து நேரா பட்டு நரம்பு பிடிச்சிருக்கும். ஒத்தடம் கொடுத்துத் தூங்கினா சரியாயிடும்" என்று போட்டேன்.

"அப்பாவும் இதையேதான் சொன்னாரு. ஒத்தடம் போட்டுப் படுக்க வச்சிடறேன்" என்றாள் புலி.

"ஆஸ்பத்திரியே சொல்லியாச்சு, இனி அப்பீல் ஏது" என்றாய் நீ.

முதல் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் மருந்து உண்டு. எனக்குத் தெரியும். மாலையில்தான் கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனது நான்தான். குளிருமே என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

தவறிச் சொல்லிவிட்டாயா என்று கேட்கிறாய். இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். பொறாமை என்றெல்லாம் பெரிய வார்த்தை வேண்டாம். அவளுக்கு ஒருவர் இருந்தார், எனக்கு இல்லை. ஆட்டம் சமமாக இருக்க வேண்டாமா?

இப்போது வேலை முடிந்ததும் புலி வீட்டுக்குத்தான் போகிறேன். பாவம், புலி களைத்துப்போகிறாள். அவளைத் தூங்கச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்காருவேன். நானே கேள்வி கேட்பேன், நானே விடையும் சொல்வேன். அவருக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் எல்லாம் புரிகிறது. "அப்பா" என்று கூப்பிட்டால், அசைகிற அந்த ஒரு கையால் என்னைத் தள்ளுகிறார். பலம் கொண்ட மட்டும் தள்ளுகிறார்.

பெற்ற மகளிடம்தான் அவ்வளவு உரிமையாகக் கோபித்துக்கொள்வார்கள்.