குமாஸ்தா கொண்டுவந்த எம்.எல்.

பேச்சிமுத்து: ...செத்த நான் சொல்லுறதைக் கேளுங்கக்கா. பி.எல். படிச்சவன் இப்பம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல தெருவுக்கு நாலு பேரு திரியுதான். எம்.எல்.? சாத்தூர்லேருந்து செங்கோட்டை வரைக்கும் சலிச்செடுத்தாலும் ஒருத்தன் கெடையாது!

குருவம்மாள்: எம் மவன் பி.எல். முடிச்சு மெட்ராஸ்லேருந்து வந்து நாலு நாளாகல குமாஸ்தாய்யா. கட்டிட்டு வந்த வேட்டியக்கூட இன்னும் தொவைக்கல...

பேச்சிமுத்து: தொவைக்க வேண்டாம். அப்படியே கெளம்பட்டும். வெள்ளிக்கிழமை சாத்தூர்ல ரயிலு. சாத்தூர் வரைக்கும் போக மாட்டுவண்டியும் பேசிட்டேன்.

பால்சாமி: வண்டியே பேசிட்டீயளா அண்ணாச்சி!

பேச்சிமுத்து: பின்ன? ஒரே வக்கீலுகிட்ட இருவத்திரண்டு வருசம் குப்பை கொட்டினவன் தம்பி. இன்னைக்கு ராசபாளையம் வரைக்கும் வண்டியில குலுங்கிக் குலுங்கி இடுப்பு கழண்டு வந்திருக்கேன்னா, எல்லாம் உம்ம நல்லதுக்குத்தான்.

குருவம்மாள்: பி.எல்.லுக்கும் எம்.எல்.லுக்கும் என்னய்யா வித்தியாசம்?

பேச்சிமுத்து: பி.எல்.காரன் பேசினா முன்சீப்பு கேப்பாரு. எம்.எல்.காரன் பேசினா முன்சீப்பு பேனாவை எடுத்து எழுதிக்கிடுவாரு.

குருவம்மாள்: உங்க வக்கீலு பேசினா?

பேச்சிமுத்து: அவிய பேசையில... முன்சீப்பு கொஞ்சம் கண்ணை மூடிக்கிடுவாரு. அது கெடக்கட்டும்க்கா.

குருவம்மாள்: எப்படிக் கெடக்கும்? இவனை நான் சட்டம் படிக்க வச்சதே சோழபுரத்துக் கிணத்துக்காகத்தான். எங் கொழுந்தன் சமுத்திரம் நான் தண்ணி எறைக்கிற கமலையைப் புடுங்கி எறிஞ்சு ஏழு வருசமாச்சு. பங்குக் கிணத்துல தண்ணி கெடக்கு, என் பருத்தி கருகுது. உங்க வக்கீலு ஏழு வருசமா வாய்தா வாய்தாங்காரு. இனிமே எம் மவனே அந்த வழக்கை நடத்தட்டும்னு...

பேச்சிமுத்து: நடத்தட்டும்! யாரு வேண்டாம்னா? எம்.எல்.லை முடிச்சிட்டு வந்து நடத்தட்டும். சமுத்திரத்தோட வக்கீலு எந்திரிச்சு நின்னு கும்பிடுவான்.

பால்சாமி: அதுல பிரிவு பிரிவா இருக்காமே. நான் எதை எடுக்க?

பேச்சிமுத்து: அப்படிக் கேளும்! எல்லாம் விசாரிச்சு எழுதியாந்திருக்கேன். மொதல்ல... இந்து லா. தத்து, பாகப்பிரிவினை, விதவை பாத்தியம்.

குருவம்மாள்: அது வேண்டாம். அதைத்தான் தெனமும் வீட்டுல நடத்துதோமே.

பேச்சிமுத்து: சரி, கான்ட்ராக்ட்டு. ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டுக்கிட்டு, பொறவு ரெண்டு பேருமே போடலைன்னு சாதிக்கது.

குருவம்மாள்: அதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போவானேன்? எங் கொழுந்தன்கிட்ட ஒரு வாரம் விட்டாப் போதும்.

பேச்சிமுத்து: கிரிமினல்?

குருவம்மாள்: சீ! மாடு திருடினவன் பக்கத்துல எம் மவன் நிக்கவா?

பேச்சிமுத்து: அப்பம் இதான் சரி. இதுக்குத்தான் நான் வந்தேன்னு வச்சுக்கோங்க. ரோமன் லா!

பால்சாமி: ரோமாபுரிச் சட்டமா?

பேச்சிமுத்து: ஆமா தம்பி. ரெண்டாயிரம் வருசத்துச் சரக்கு. அந்த ராசாக்கமாரு அம்புட்டுப் பேரும் செத்துப் போயிட்டாவ. சட்டம் மட்டும் அப்படியே இருக்கு.

குருவம்மாள்: அவியளுக்கும் பங்குக் கிணறு உண்டுமா?

பேச்சிமுத்து: இல்லாமலா!

குருவம்மாள்: கொழுந்தன்?

பேச்சிமுத்து: அ... அதெல்லாம் ரெண்டாம் வருசப் பாடத்துல வரும்க்கா.

பால்சாமி: கிணறு, வாய்க்கால் பாத்தியம்... அதுக்குன்னே தனியா ஒரு பிரிவு இருக்கும்லா? சொத்துச் சட்டம்னு?

பேச்சிமுத்து: அய்யோ, அது வேண்டாம் தம்பி!

குருவம்மாள்: ஏன்யா பதறுதீரு?

பேச்சிமுத்து: நானா? பதறலையே... அதைப் படிச்சவனுக்குச் சும்மா இருக்க முடியாதுக்கா. எந்த வழக்குக் கட்டைப் பாத்தாலும் அவுத்துப் பாக்கத் தோணும். ரோமன் லாவுன்னா மனசு இந்தப் பக்கமே திரும்பாது. அதான் ஒசத்தி.

பால்சாமி: கட்டுன்னதும் ஞாபகம் வருது. நம்ம கிணத்து வழக்குக் கட்டை ஒரு தடவை நான் பாத்துட்டுப் போறேனே.

பேச்சிமுத்து: கரையான்! கரையான் ஏறிப்போயி வெயில்ல காயப் போட்டிருக்கு. ஆவணி கழியட்டும், நானே எடுத்துத் தாரேன்.

பால்சாமி: போன வாய்தா என்னைக்கு அண்ணாச்சி?

பேச்சிமுத்து: ஆடி பதினெட்டு. கட்டைத் தூக்கிக்கிட்டு நானே போயிருந்தேன்.

பால்சாமி: முன்சீப்பு என்ன சொன்னாரு?

பேச்சிமுத்து: அவரா... ரொம்ப மரியாதையாப் பேசினாரு. உங்க அம்மாவைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு.

குருவம்மாள்: என்னையவா? எம் மூஞ்சியையே அவரு பாத்ததில்லையே!

பால்சாமி: இருங்கம்மா. கோர்ட்டுல யாரு ஆடி, ஆவணின்னு சொல்லுதா அண்ணாச்சி? அங்க எல்லாம் இங்கிலீசுத் தேதில்லா?

பேச்சிமுத்து: அவிய எப்படியும் சொல்லட்டும். நான் எழுதி வைக்கது தமிழ்த் தேதியிலதான். இருவத்திரண்டு வருசப் பழக்கம்.

பால்சாமி: அப்பம் முன்சீப்பு வெறுமன பதினெட்டுன்னு சொல்லிருந்தா...

பேச்சிமுத்து: பதினெட்டுன்னுதான்...

பால்சாமி: சொன்னது ஜூலை பதினெட்டு. அன்னைக்கு ஆடி மூணு.

குருவம்மாள்: தண்ணி குடிக்கீரா குமாஸ்தாய்யா?

பேச்சிமுத்து: குடுங்கக்கா.

பால்சாமி: கட்டை நான் திங்கக்கிழமையே கோர்ட்டுல பாத்துட்டேன். மூணு தடவை பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காவ. நம்ம பக்கம் ஒரு ஈ காக்கா இல்ல. வழக்குத் தள்ளுபடி. ஏன் வரலைன்னு காரணம் காட்டி முப்பது நாளைக்குள்ள மனுப் போட்டாத்தான் அது திரும்ப உயிரோட எந்திரிக்கும். முப்பதாவது நாளு என்னைக்குத் தெரியுமா? நீங்க எனக்கு வண்டி பேசின வெள்ளிக்கிழமை.

பேச்சிமுத்து: தம்பி... அக்கா... உங்க கால்ல விழுதேன். வேணும்னு செய்யலக்கா. வக்கீலும் நான் எழுதி வச்ச தேதியைத்தான் நம்பியிருந்தாவ. ஆடி பதினெட்டு போயி நிக்கேன், கோர்ட்டு டவாலிச் சேவகன் சிரிக்கான். தம்பியை ரயிலேத்திட்டா, நாளு தாண்டிப் போகும்... பொறவு வழக்குத் தோத்துப் போச்சுன்னு ஒரு வார்த்தையில முடிச்சிரலாம்னு நெனைச்சேன். மூணு பொட்டப் புள்ளைகளை வச்சிருக்கேன்க்கா. இந்தக் கட்டுத் தூக்குற வேலையை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.

குருவம்மாள்: எம் பருத்திக்கும் தண்ணியை விட்டா வேற ஒண்ணும் தெரியாதுய்யா.

பால்சாமி: இன்னொண்ணு அண்ணாச்சி. எம்.எல்.லுக்கு மெட்ராஸ்ல வகுப்பே கெடையாது. வீட்டுல இருந்தே படிச்சுப் பரீட்சைக்கு மட்டும் போனாப் போதும்.

பேச்சிமுத்து: வகுப்பே கெடையாதா!

பால்சாமி: கெடையாது. ரயிலேத்தி விட்டிருந்தாலும் அடுத்த ரயில்ல திரும்பியிருப்பேன்.

பேச்சிமுத்து: அடப்பாவி... வண்டிக்காரனுக்கு முன்பணம் வேற குடுத்துத் தொலைச்சேன். போகட்டும். மனுவை நானே எழுதித் தாரேன் தம்பி, ராவுக்குள்ள எழுதித் தாரேன். காரணம் மட்டும் வேற ஏதாச்சும் போட்டுக்கிடுவோம். காய்ச்சல்னு போடுவோம், வழியில வண்டி குடை சாஞ்சிச்சுன்னு போடுவோம்... எங்க வக்கீலுக்கு மட்டும் இது தெரியவே கூடாதுக்கா!

குருவம்மாள்: எந்திரியும்யா, எந்திரியும். மனு நேத்தே போட்டாச்சு, நானும் கைநாட்டு வச்சாச்சு. காரணம் கேக்க நாங்க மொதல்ல போனதே உங்க வக்கீலு வீட்டுக்குத்தான். "எங் குமாஸ்தாவுக்கு மூணு மாசமாப் புத்தி பேதலிச்சுப் போச்சு, கெழமை தேதி தெரியல"ன்னு அவிய கையாலயே எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்துட்டாவ. வர்ற திங்கக்கிழமை முன்சீப்பு உம்மைக் கூப்பிட்டு விசாரிப்பாராம்... அப்பம் வேற ஒண்ணும் பேசிராதேயும். இந்த ரோமன் லாவை எங்ககிட்டச் சொன்ன மாதிரியே ஒண்ணு விடாமச் சொல்லும், என் கிணறு எனக்கு வந்துரும்.