நாலாவது குறுக்கு

ஈப்போவில் கிளம்பிய ரயிலில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் சுங்காய் ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். மற்றவர் மாலா, பல்கலைக்கழகத்தில் கயிற்று முடிச்சுகளின் கணிதத்தை ஆராய்ச்சி செய்பவர். ஒன்றாகப் படித்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“உன் கட்டுரைய படிச்சேன் மாலா. தப்பு இருக்கணும்னு சாமி கும்பிட்டுட்டுத்தான் படிச்சேன்” என்றார் டீச்சர்.

“இருந்துச்சா?”

“இருந்துச்சு. முடிச்சுல கயிறு மேல போனா குவாண்டம் குரூப்ங்கிற கணித அமைப்பு தர்ற மேட்ரிக்ஸ், கீழ போனா அதோட தலைகீழ். கயிறு கயித்த தாண்டுற நாலாவது குறுக்குல மாத்திப் போட்டுட்ட. அதான் ரெண்டு வேற முடிச்சும் ஒண்ணுன்னு வருது.”

மாலா மடிக்கணினியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

“சரிதான்லா. எப்ப பார்த்த?”

“ரெண்டு வாரமாச்சு.”

“சொல்லாமலா இருந்த?”

“ரெண்டு வாரமும் நல்லா தூங்குனேன். குவாண்டம் மெக்கானிக்ஸ்ல ரெண்டு துகள் இடம் மாறுறப்ப வர்ற அதே மேட்ரிக்ஸ்தான் முடிச்சுலயும்னு நீ மேடையில சொல்ற, வெள்ளக்காரங்க கை தட்டுறாங்க. நானும் உன்கூட படிச்சவதான். ஃபோம் ஒண்ணு பசங்களுக்கு பின்னம் சொல்லித் தாரேன்.”

“அப்ப இப்ப ஏன் சொல்ற?”

“கடைசிப் பக்கத்த நேத்துதான் பார்த்தேன். நன்றின்னு என் பேர போட்டிருக்க.”

“அத எடுத்துடவா?”

“எடு. எடுத்து மேல போடு, உன் பேருக்குப் பக்கத்துல. தப்ப கண்டுபிடிச்சது நான்தானே.”

மாலா சிரிக்கவில்லை. முதல் பக்கத்துக்குப் போய், தன் பெயருக்கு அடுத்து ஒரு காற்புள்ளி வைத்தார்.

“உங்கப்பா பேரையும் சேர்த்து முழுப்பேரா போடவா?” என்று கேட்டார்.