பூதக்கண்ணாடி தேடி முடிக்கும் வரை

சாரதாமணி, வயது 56, கணவர் பெயர் சின்னுசாமி, கோழிப்பண்ணை, மோகனூர் ரோடு, நாமக்கல். சைபர் கிரைம் உதவி ஆய்வாளர் பிரவீனா அவர்கள் முன் நேரில் வந்து, விசாரிக்கச் சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் கணவர், மகன், மருமகள் மைதிலியுடன் குடியிருந்து முட்டைக்கோழிப் பண்ணை நடத்தி வருகிறேன். பண்ணை ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உள்ளது. வேவு பார்க்கும் புரோகிராம்களைப் பிடிக்க ஆன்டி ஸ்பைவேர் என்று ஒன்றை அதை வாங்கிய காலத்திலேயே போட்டோம். அதற்குப் பூதக்கண்ணாடிப் படம் போட்டிருக்கும் என்பதால் வீட்டில் அதற்குப் பெயரே பூதக்கண்ணாடிதான். புதிதாக எதைத் திறந்தாலும் அது முழுக் கம்ப்யூட்டரையும் முதலிலிருந்து தேட ஆரம்பிக்கும். முடியும் வரை வேறு வேலை நகராது. மைதிலி கம்ப்யூட்டர் படித்தவள். "அத்தை, இதைப் பண்ணுன கம்பெனியே புது விவரம் அனுப்பறதை நிறுத்திப் பல வருசமாச்சுங்க. இப்ப இருக்கற திருடன் எவனையும் இதுக்கு அடையாளம் தெரியாது. எடுத்துப் போடலாங்க" என்று பலமுறை சொன்னாள். அதற்கென்ன சோறா போடுகிறோம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான்தான் விடவில்லை. மாமியார் என்றால் ஒரு விஷயத்திலாவது பிடிவாதம் வேண்டும்.

கடந்த வெள்ளிக்கிழமை மைதிலி ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மகன் முட்டை லோடுடன் கேரளா போயிருந்தார். கணவர் ஷெட்டில் கோழிகளுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை புதுக் குஞ்சு இறங்க இருந்தது. அதற்காக இன்னொரு ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பல்பு கட்டி வைத்திருந்தோம். அன்று மாலைக்குள் பணம் அனுப்பாவிட்டால் குஞ்சு வேறு பண்ணைக்குப் போய்விடும், அந்த ஷெட் காலியாகக் கிடக்கும். அந்தப் பணம் முழுவதும் பேங்க் கணக்கில் இருந்தது.

அப்போது ஒருவர் போன் செய்து, பேங்கின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து பேசுவதாகவும், எங்கள் கம்ப்யூட்டரில் வேவு பார்க்கும் புரோகிராம் புகுந்துவிட்டதாகவும், உடனே சரிசெய்யாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்றும் சொன்னார். குஞ்சுப் பணம் அதில்தான் இருக்கிறது, சீக்கிரம் சரிசெய்யுங்கள் என்றேன். அதன் பிறகு அவர் சொன்ன பக்கத்தைத் திறந்து, சொன்னதை இறக்கி, திரையில் வந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். அதன் பிறகு நான் தொடாமலேயே அம்புக்குறி நகர்ந்தது. அதன் பிறகு பூதக்கண்ணாடி தேட ஆரம்பித்தது.

அம்புக்குறி நின்றுவிட்டது. அவர் பூதக்கண்ணாடியை மூடச் சொன்னார், அது மூடமாட்டேன் என்றது. ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார். செய்து, மறுபடி எண்ணைச் சொல்லி அவரை உள்ளே விட்டேன். பூதக்கண்ணாடியும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. ஒருவரைக் காக்க வைத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆகவே "சாப்பிட்டீங்களா சாமி?" என்று கேட்டேன். இல்லை என்றார். அதன் பிறகு மக்காச்சோளம் விற்கும் விலை, வெயிலுக்குக் கோழி தீவனம் எடுக்காதது, என் முழங்கால் வலி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் "சரிம்மா" என்றவர் போகப் போக "அப்படிங்களாம்மா" என்று கேட்க ஆரம்பித்தார். நடுநடுவே "இன்னுமா முடியல?" என்றார். வேகம் கூடட்டும் என்று, அம்புக்குறி அசைந்தபோதெல்லாம் வேண்டாத விளையாட்டுகளையும் பழைய குப்பைகளையும் அவரே அழித்துக்கொடுத்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. "இந்தக் காலத்துல இதைப் போய் யாராவது வெச்சிருப்பாங்களா?" என்று பூதக்கண்ணாடியைத் திட்டினார். மருமகள் சொன்னது பேங்க் ஆபீசர் வாயிலும் வந்ததே என்று எனக்குச் சுருக்கென்றது.

ஒருவழியாகத் தேடி முடிந்து, திரையில் பச்சையாக ஒரு சரி அடையாளம் வந்தது. அவர் பெருமூச்சு விட்டு, பேங்க் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டு போடச் சொன்னார். நான் விரலை வைக்கும்போது மைதிலி பட்டுப் புடவையோடு உள்ளே வந்து, யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். "பேங்க் ஆபீசருகிட்டக் கண்ணு. பாவம், இன்னும் சாப்பிடலையாம்" என்றேன். திரையைப் பார்த்தவள் தாம்பூலப் பையைப் போட்டுவிட்டு இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினாள். தேங்காய் உருண்டு தீவன மூட்டைக்குப் பின்னால் போனது.

அதன் பிறகு அவன் யார் என்பதை மைதிலி விளக்கினாள். குஞ்சுப் பணம் போயிருக்குமே என்று எனக்கு அழுகை வந்தது. அதன் பிறகு அவள் பச்சை அடையாளத்துக்குக் கீழே இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னாள்: உங்கள் கம்ப்யூட்டரில் வேவு பார்ப்பவர் யாரும் இல்லை. சொல்லிவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்து அடக்க முடியவில்லை. சத்தம் கேட்டு வந்த என் கணவர், என்னவென்று தெரியாமலேயே எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

அதன் பிறகு மைதிலி என்னை ஸ்கூட்டரில் பேங்குக்கு அழைத்துப் போனாள். பணம் அப்படியே இருந்தது. அங்கிருந்தே குஞ்சுக்கு அனுப்பினோம். திங்கட்கிழமை குஞ்சுகள் வந்தன. பெட்டிகளைத் திறந்து விட்டதும் ஷெட் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று நிறைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை. இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை என்று என் கணவர் சொன்னார்.

அந்தப் பழைய மென்பொருள் திருடனைக் கண்டுபிடித்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. வீட்டுக்குள் நின்றவனுக்கே நற்சான்று கொடுத்தது. அதன் மந்தம்தான் எங்களைக் காப்பாற்றியது. அதற்கு நன்றி உண்டு, ஆனால் மந்தத்தை நம்பிப் பண்ணை நடத்த முடியாது. அன்று மாலையே அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடும்படி மைதிலியிடம் நானே சொன்னேன். என் கணவர் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அந்த ஆள் ஏற்கெனவே சுத்தம் செய்திருந்ததால் வேலை சட்டென்று முடிந்தது.

அந்த நபரை மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்கிறீர்கள். முகம் பார்த்ததில்லை. ஆனால் நூறு பேரை நிறுத்தி, ஒவ்வொருவரையும் "இன்னுமா முடியல?" என்று சொல்ல வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டே காட்டுவேன்.

மேலே எழுதியிருப்பதை மைதிலி முன்னிலையில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி உள்ளது, கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சி. சாரதாமணி